கவாத்து வெட்டாத டிரைவர்: ஸ்பானிஷ் நிகழ்கால வினையில் உயிர் மாறும் பிழைகள், அறிகுறி வாரியாக

சனிக்கிழமை சாயங்காலம் குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பேக்கரியின் மாடியில் நாலு பேருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு என்று சொன்னால் பெரிய பேச்சு. டாக்ஸி ஓட்டும் ஓர் அண்ணன், கோத்தகிரிப் பக்கம் வீட்டில் இரண்டு அறையை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கும் ஓர் அக்கா, மொழி தெரிந்தால் கோயம்புத்தூரில் வேலை கிடைக்கும் என்று நம்பி வரும் ஒரு கல்லூரிப் பெண், எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். கீழே இருந்து வர்க்கி வேகும் வாசனை ஏறிவரும்போது யாருக்கும் இலக்கணம் ஏறாது. ஆகவே முதல் அரை மணி நேரத்துக்குள் முக்கியமானதை முடித்துவிட வேண்டும்.

இவர்கள் நாலு பேரும் மாறி மாறிச் செய்யும் தவறுகள்தான் கீழே இருக்கின்றன. உங்கள் வாயில் வருவது எந்தத் தவறோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு பத்தியைப் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான் எழுதியிருக்கும் ஸ்பானிஷ் வாய்க்குள் நுழையாது.

நான் எழுதும் முறை இது: எந்த எழுத்து நெடிலாக இருக்கிறதோ, அங்கே அழுத்தம். மற்றதெல்லாம் குறில். அதனால்தான் 'புவேதொ', 'கியேரெ' என்று சொற்கள் ஒகரத்திலும் எகரத்திலும் முடிந்து, பார்க்க அரைகுறையாக இருக்கும். நெடில் என்பதற்காக இழுக்க வேண்டாம், அந்த அசையில் ஒரு தட்டு தட்டினால் போதும். 'புவே', 'கியே' என்று வருவதை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்லுங்கள். சொல்லின் நடுவில் ஒற்றைத் த வந்தால் 'காது' என்பதில் வரும் மெல்லிய ஒலி. த்த என்றோ ன்த என்றோ ஸ்த என்றோ எழுதியிருந்தால் வல்லொலி. சொல்லின் முதலில் வரும் த-வுக்கு மட்டும் என்னால் வழி சொல்ல முடியவில்லை. துவேர்மொ என்பதில் 'தர்மம்' போல, தேங்கொ என்பதில் 'தேங்காய்' போல. அதைச் சொல் சொல்லாகக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

எல்லாப் பிழைக்கும் அடியில் இருக்கும் ஒரே காரணம்

பள்ளியில் பகுபத உறுப்புகள் படித்திருப்பீர்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். வந்தான் என்ற சொல்லைப் பிரிக்கும்போது 'வா' என்ற பகுதி 'வ' என்று குறுகியது விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஸ்பானிஷிலும் சில வினைகளில் பகுதிக்குள் இருக்கும் உயிர் இப்படி விகாரப்படும். எ என்பது இயெ ஆகும், ஒ என்பது உவெ ஆகும், சிலவற்றில் எ வெறும் இ ஆகும். பொதேர் (முடிதல்), யோ (நான்) புவேதொ (என்னால் முடியும்). கெரேர் (வேண்டுதல், விரும்புதல்), யோ கியேரொ. பெதீர் (கேட்டு வாங்குதல்), யோ பீதொ.

எப்போது மாறும் என்பதுதான் கேள்வி. விடை ஒரே வரி: அழுத்தம் பகுதியின் மேல் விழுந்தால் மாறும், விகுதியின் மேல் விழுந்தால் மாறாது.

நமக்கு இது ஏன் தட்டுகிறது என்றால், தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. குறில் நெடில் மாறினால்தான் மாறும். படம் வேறு, பாடம் வேறு. ஆகவே நம் காது அழுத்தத்தைத் தேடிப் பழகவில்லை. ஆனால் நிலைமைக்குத் தக்கபடி உயிர் மாறுவது நமக்குப் புதிதே இல்லை. குடம் என்று எழுதி 'கொடம்' என்கிறோம். குடி என்பதை மட்டும் 'கொடி' என்பதில்லை. இடம் 'எடம்' ஆகிறது, இடுப்பு இடுப்பாகவே நிற்கிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னே உள்ள இ, உ இறங்கிவிடுகின்றன. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வாய் தானாகச் செய்கிறது. நாம் அடுத்த அசையைப் பார்த்து உயிரை மாற்றுகிறோம், அவர்கள் அழுத்தத்தைப் பார்த்து மாற்றுகிறார்கள்.

சரி, இனி அறிகுறிகள்.

'நொஸோத்ரொஸ் புவெதேமொஸ்' என்று வாயில் வருகிறது

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது இதுதான். யோ புவேதொ, தூ (நீ) புவேதெஸ், ஏய (அவள்) புவேதெ என்று மூன்று முறை சொன்ன வேகத்தில், 'நாங்கள்' வரும்போதும் புவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சரியான வடிவம் நொஸோத்ரொஸ் பொதேமொஸ். புவே இல்லை, வெறும் பொ.

சரி பார்க்க ஒரு வழி இருக்கிறது, கையோடு செய்யலாம். ஸ்பானிஷில் உயிரெழுத்திலோ ன், ஸ் என்ற மெய்களிலோ முடியும் சொல்லுக்கு, மேலே தனியாக அழுத்தக் குறி இல்லாவிட்டால், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். நிகழ்கால வடிவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குள் அடங்கும். ஆகவே சொல்லை வாலிலிருந்து எண்ணுங்கள். புவே-தொ: கடைசி தொ, அதற்கு முந்தையது புவே. அது பகுதிக்குள் இருக்கிறது, உயிர் மாறும். பொ-தே-மொஸ்: கடைசி மொஸ், அதற்கு முந்தையது தே. அது விகுதியைச் சேர்ந்தது. அழுத்தம் பகுதியை விட்டு வெளியே போய்விட்டது, அதனால் பகுதி பழையபடி 'பொ' என்றே நிற்கிறது.

இந்த எண்ணிக்கையை அண்ணனுக்கு மலை ரயிலை வைத்துச் சொன்னேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி கல்லாறு வரை சாதாரணமாக ஓடும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தண்டவாளத்தின் நடுவே பல் பதித்த பட்டை வரும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக் குன்னூர் வரை ஏற்றும். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பல்பட்டை கிடையாது, அந்தச் சரிவுக்கு அது வேண்டாம். ஏற்றம் இருக்கும் இடத்தில்தான் பல் கவ்வும். அழுத்தம் இருக்கும் இடத்தில்தான் உயிர் உடையும். அவருக்குப் பட்டென்று புரிந்தது. ஆனாலும் அடுத்த வாரம் புவெதேமொஸ் என்றார், அது வேறு கதை.

முழு வரிசை இப்படி இருக்கும்: யோ புவேதொ, தூ புவேதெஸ், உஸ்தேத் (மரியாதையாக 'நீங்கள்') புவேதெ, நொஸோத்ரொஸ் பொதேமொஸ், வொஸோத்ரொஸ் பொதேயிஸ், ஏயொஸ் (அவர்கள்) புவேதென். மாறாதவை நொஸோத்ரொஸ், வொஸோத்ரொஸ் இரண்டுதான். வொஸோத்ரொஸ் என்பது நண்பர்களைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்', ஸ்பெயினில் வழங்குவது. லத்தீன் அமெரிக்காவில் அதற்குப் பதிலாக உஸ்தேதெஸ் புவேதென் என்பார்கள். அந்த நாட்டுக்காரர்களோடு மட்டும் பேசுவதாக இருந்தால் உங்களுக்கு மாறாத வடிவம் ஒன்றே ஒன்றுதான்.

பாடப்புத்தகங்களில் இந்த ஆறையும் இரண்டு பத்தியாக எழுதி, மாறுகிற நாலைச் சுற்றிக் கோடு போட்டால் பூட்ஸ் மாதிரி இருக்கிறது என்று காட்டுவார்கள். மழையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் போடும் கம்பூட்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படம் நினைவில் நிற்கும், தப்பில்லை. ஆனால் பூட்ஸை மட்டும் மனப்பாடம் செய்தவர் வேறு காலங்களுக்குப் போனதும் தடுமாறுவார். காரணம் தெரிந்தவருக்கு அந்தத் தொந்தரவு குறைவு.

'யோ போதொ' என்று மாற்றாமல் விட்டுவிடுகிறேன்

மேலே சொன்னதற்கு நேர் எதிர். மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல், அகராதியில் இருக்கும் உயிரையே கொண்டுவந்துவிடுவது.

இதைப் பெரும்பாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், நீங்கள் சொல்ல வந்தது புரிந்துவிடும். ஆனால் போதொ என்பது நிஜமாகவே ஒரு ஸ்பானிஷ் சொல். பொதார் என்றொரு வினை இருக்கிறது, செடியைக் கவாத்து வெட்டுதல் என்று பொருள். அது உயிர் மாறாத சாதுவான வினை: போதொ, போதஸ், போத, பொதாமொஸ். ஆக, அண்ணன் ஒரு நாள் 'நாளைக்கு வர முடியாது' என்பதற்கு 'நோ போதொ' என்று சொன்னபோது, அவர் சொன்னது 'நான் கவாத்து வெட்டுவதில்லை' என்று. ஃபீல்டு ஆபீசர் சாருக்கு இதை விளக்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நாலைந்து வருஷத்துக்கு ஒருக்கா வெட்டலேன்னா செடி மரமாயிடும். நீ என்ன, வெட்டவே மாட்டேங்கிறே?"

"சார், நான் வண்டி ஓட்டுறவன் சார்."

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யார் உயிரை மாற்றாமல் விட்டாலும் 'கவாத்து' என்று ஒரு குரல் வரும். நீங்களும் இப்படி ஒரு சொல்லைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். பொதேமொஸ் என்றால் எங்களால் முடியும், பொதாமொஸ் என்றால் நாங்கள் கவாத்து வெட்டுகிறோம். ஒரே ஓர் உயிர்தான் வித்தியாசம்.

எல்லா வினையையும் மாற்றித் தொலைக்கிறேன்

இது பாடம் புரிந்தவர்களுக்கு வரும் நோய். கல்லூரிப் பெண்ணுக்கு வந்தது. கொமேர் (சாப்பிடுதல்) என்பதை 'குவேமொ' என்றாள். சரியானது கோமொ. ஒகரம் இருக்கிறது, அழுத்தம் பகுதியில்தான் விழுகிறது, ஆனாலும் மாறவில்லை. ஏன் என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி.

அழுத்தம் இருந்தால்தான் மாறும். ஆனால் அழுத்தம் இருக்கிறது என்பதற்காக எல்லா வினையும் மாறிவிடாது. எது மாறும், எது மாறாது என்று சொல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்தெந்தேர் (புரிதல்) என்தியேந்தொ ஆகிறது. அப்ரெந்தேர் (கற்றல்) வெறும் அப்ரேந்தொ. வெந்தேர் (விற்றல்) வேந்தொ. மூன்றும் 'எந்தேர்' என்றே முடிகின்றன, ஒன்று மட்டும் மாறுகிறது.

காரணம் லத்தீனில் இருக்கிறது. அங்கே குறில் எ, குறில் ஒ என்று இருந்தவை, அழுத்தம் விழுந்த இடத்தில் ஸ்பானிஷில் இரண்டாக உடைந்தன. நெடிலாக இருந்தவை பெரும்பாலும் உடையவில்லை. இன்றைய ஸ்பானிஷ் எழுத்தில் அந்தக் குறில் நெடில் வேறுபாடு அழிந்துவிட்டதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. அதே உடைவு பெயர்ச்சொல்லிலும் இருக்கிறது. லத்தீனில் போர்த்த, ஸ்பானிஷில் புவேர்த்த, அதாவது கதவு. கதவருகே நிற்கும் காவல்காரர் பொர்த்தேரொ. அழுத்தம் தள்ளிப்போனதும் உடைவு மறைந்துவிட்டது பாருங்கள். போர்ச்சுகீசிய மொழியில் கதவு உடையாமல் போர்த்த என்றே இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் கதவை மட்டும் ஏனோ கொடுக்கவில்லை.

எண்களிலும் இதைப் பார்க்கலாம். ஏழு ஸியேத்தெ, எழுபது ஸெத்தேன்த. ஒன்பது நுவேவெ, தொண்ணூறு நொவேன்த. ஹோம்ஸ்டே அக்காவுக்கு வாடகை சொல்லிச் சொல்லி எண்கள் அத்துப்படி. 'ஏழு உடையும், எழுபது உடையாது. யோ உடையும், நொஸோத்ரொஸ் உடையாது' என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். நான் இதைச் சொல்லித்தரவே இல்லை.

பரிகாரம் மூன்று. ஒன்று, நல்ல அகராதியோ பாடநூலோ இருந்தால் வினைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எந்த உயிர் வரும் என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறியோடு சேர்த்தே சொல்லைப் படியுங்கள். இரண்டு, புதிய வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், யோ வடிவத்தோடு ஜோடியாகச் சொல்லுங்கள்: தொர்மீர்-துவேர்மொ, பென்ஸார்-பியேன்ஸொ, கொமேர்-கோமொ. மூன்று, உறவுக்காரப் பெயர்ச்சொல் தெரியுமா என்று பாருங்கள். ஹுவேகொ என்றால் விளையாட்டு, ஹுகார் (விளையாடுதல்) மாறும். சுவேஞொ என்றால் கனவு, சொஞார் (கனவு காணுதல்) மாறும். அல்முவேர்ஸொ என்றால் மதியச் சாப்பாடு, அல்மொர்ஸார் மாறும். முவேஸ்த்ர என்றால் மாதிரி. தேயிலை ஏலத்துக்கு முன்னால் ருசி பார்க்க அனுப்புவார்களே, அந்தச் சாம்பிள். ஆகவே மொஸ்த்ரார் (காட்டுதல்) என்பதும் முவேஸ்த்ரொ என்று மாறும்.

இதில் ஹுகார் ஒரு தனிக்காட்டு ராஜா. உ என்ற உயிர் உவெ ஆக மாறும் வினை ஸ்பானிஷில் இது ஒன்றுதான். ஹுவேகொ, ஹுவேகஸ், ஹுவேக, ஹுகாமொஸ். இதற்கு விதி தேட வேண்டாம்.

மாற்றுகிறேன், ஆனால் வேறு உயிரை மாற்றிவிடுகிறேன்

பகுதிக்குள் இரண்டு எகரம் இருந்தால் வரும் குழப்பம். ப்ரெஃபெரீர் (இதைவிட அதை விரும்புதல்) என்பதில் எதை மாற்றுவது? ரெப்பெத்தீர் (திரும்பச் சொல்லுதல்), என்தெந்தேர், இவற்றில் எதை?

மாறுவது எப்போதும் விகுதியை ஒட்டி நிற்கும் உயிர்தான். ப்ரெஃபியேரொ, ரெப்பீத்தொ, என்தியேந்தொ. முன்னால் இருப்பதைத் தொடவே கூடாது. மறந்தால் மறுபடியும் வாலிலிருந்து எண்ணுங்கள். கடைசிக்கு முந்தைய அசை எதுவோ, அங்கேதான் அழுத்தம், அங்கேதான் மாற்றம். தனி விதி ஒன்றும் தேவைப்படவில்லை.

காபி கேட்டால் காபியைத் தொலைத்ததாகப் புரிகிறது

பெதீர் என்றால் கேட்டு வாங்குதல், கடையில் ஆர்டர் கொடுத்தல். இதன் எகரம் இயெ ஆகாது, இ ஆகும். யோ பீதொ, தூ பீதெஸ், உஸ்தேத் பீதெ, நொஸோத்ரொஸ் பெதீமொஸ், ஏயொஸ் பீதென். பழக்கதோஷத்தில் இயெ போட்டு 'பியேதொ' என்று சொன்னால், பக்கத்திலேயே பியேர்தொ என்று வேறொரு சொல் நிற்கிறது. அது பெர்தேர் (இழத்தல், தொலைத்தல்) என்பதன் வடிவம். 'ஒரு காபி' என்று நீங்கள் கேட்பது 'ஒரு காபியைத் தொலைக்கிறேன்' என்று போய்ச் சேரலாம்.

எ, இ ஆகும் வகையைச் சுருக்கமாகப் பிடிக்க ஒரு வேலி இருக்கிறது: அகராதி வடிவம் 'ஈர்' என்று முடியும் வினைகளில் மட்டுமே இது வரும். 'ஆர்', 'ஏர்' என்று முடிபவற்றில் வராது. பெதீர், ஸெர்வீர் (பரிமாறுதல்), ரெப்பெத்தீர், ஸெகீர் (தொடர்தல்), மெதீர் (அளத்தல்), வெஸ்தீர் (உடுத்துதல்). அக்காவுக்கு இதில் ஸெர்வீர் ரொம்பவே பயன்படுகிறது: யோ ஸீர்வொ, நொஸோத்ரொஸ் ஸெர்வீமொஸ். ஆனால் வேலி ஒரு பக்கம்தான் அடைக்கும். 'ஈர்' வினை எல்லாம் இ ஆகிவிடாது. ஸென்தீர் (உணர்தல்) ஸியேன்தொ, ப்ரெஃபெரீர் ப்ரெஃபியேரொ. இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பட்டியலாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

'நான் உட்கார்கிறேனா, உணர்கிறேனா?'

ஸியேன்தொ என்று பார்த்தால் சந்தேகம் வருவது சரிதான். ஸென்தீர் (உணர்தல்), ஸென்தார் (உட்கார வைத்தல்) இரண்டுக்கும் யோ வடிவம் ஒன்றே. மெ ஸியேன்தொ என்றால் உட்கார்கிறேன் என்றும் ஆகும், இப்படி உணர்கிறேன் என்றும் ஆகும். உங்கள் தவறு இல்லை. மற்ற வடிவங்களில் பிரிந்துவிடும்: ஸியேன்தெ உணர்கிறார், ஸியேன்த உட்கார வைக்கிறார்.

'கியேரொ துவேர்மொ' என்று இரண்டையும் மாற்றிவிடுகிறேன்

தூங்க விரும்புகிறேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு வினை இருக்கிறதே என்று இரண்டையும் 'நான்' வடிவத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். தமிழில் 'தூங்குகிறேன் விரும்புகிறேன்' என்று சொல்வோமா? 'தூங்க' என்று எச்சமாக வைத்து, முடிக்கும் வினைக்கு மட்டும் விகுதி போடுகிறோம். அங்கேயும் அப்படியேதான்: கியேரொ தொர்மீர். முதல் வினை மாறும், இரண்டாவது அகராதியில் இருக்கிறபடியே வரும். நம் இலக்கணம் நமக்கு உதவி செய்யும் அபூர்வமான இடம் இது. அக்காவின் விருந்தாளிகள் காலையில் கேட்கும் கேள்விக்கும் இதே அச்சுதான்: பொதேமொஸ் தெஸயுனார்? (நாங்கள் காலை உணவு சாப்பிடலாமா?)

யோ வடிவம் மட்டும் உதைக்கிறது

தெனேர் (வைத்திருத்தல்), வெனீர் (வருதல்) இரண்டும் அடிக்கடி வேண்டியவை, இரண்டுக்கும் யோ வடிவத்தில் தனிக் குணம். தியேனொ, வியேனொ என்று நீங்கள் விதிப்படி செய்வீர்கள். ஆனால் அவர்கள் சொல்வது தேங்கொ, வேங்கொ. அங்கே ஒரு க நுழைந்துவிட்டதால் உயிர் உடையவில்லை. மற்றவை ஒழுங்காக வரும்: தியேனெஸ், தியேனெ, தெனேமொஸ், தியேனென். வியேனெஸ், வியேனெ, வெனீமொஸ், வியேனென். தெஸீர் (சொல்லுதல்) என்பதிலும் க வரும், ஆனால் அங்கே உயிரும் மாறிவிடும்: தீகொ, தீஸெஸ், தீஸெ, தெஸீமொஸ், தீஸென். இது மூன்றும் சொல்லிச் சொல்லி வாயில் ஊற வேண்டியவை, யோசித்துச் சொல்ல நேரம் இருக்காது.

வானிலையும் வாசனையும்

நீலகிரியில் இருப்பவருக்கு இந்தப் பாடம் வாசலிலேயே கிடைக்கிறது. மழை பெய்தல் யொவேர், மழை பெய்கிறது யுவேவெ. உறைபனி விழுதல் எலார், விழுகிறது யேல. இடி இடித்தல் த்ரொனார், இடிக்கிறது த்ருவேன. மூன்றும் உயிர் மாறும் வினைகள். வானம் 'நான் பெய்கிறேன்' என்று சொல்லாது ஆகையால் ஒரே வடிவம் போதும், ஆறு வடிவம் வேண்டாம். குன்னூரில் ஐப்பசி கார்த்திகையில் யுவேவெ, ஊட்டிக்குப் போனால் மார்கழி தையில் காலையில் புல்லைப் பார்த்து யேல. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. புத்தகங்கள் ஏன் வானிலையைக் கடைசியில் வைக்கின்றன என்று புரியவில்லை.

வாசனை வீசுதல் ஒலேர். உவேலொ, உவேலெஸ், உவேலெ, ஒலேமொஸ், உவேலென். சொல்லும்போது சிக்கல் இல்லை, எழுதும்போதுதான். சொல்லின் முதலிலேயே உவெ வந்தால் ஸ்பானிஷ் எழுத்தில் அதற்கு முன் ஒலிக்காத ஹெச் ஒன்றைச் சேர்ப்பார்கள். அகராதி வடிவத்தில் அந்த ஹெச் இருக்காது, நொஸோத்ரொஸ் வடிவத்திலும் இருக்காது. தைலம் காய்ச்சும் கொட்டகையைத் தாண்டும்போது அண்ணன் பின்சீட்டுக்காரர்களிடம் 'உவேலெ அ எஉகலீப்த்தொ' (யூகலிப்டஸ் வாசனை அடிக்கிறது) என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். பாதி நாள் அது பிரேக் லைனிங் வாசனைதான்.

எழுத்தில் இன்னும் ஓரிரண்டு இருக்கின்றன. ஸெகீர் என்பதில் க ஒலியைக் காப்பாற்ற ஓர் உ எழுதுவார்கள், ஸீகொ என்ற யோ வடிவத்தில் அது தேவைப்படாமல் விழுந்துவிடும். பேசுகிறவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

அர்ஜென்டினாக்காரர் மாற்றாமலே பேசுகிறார்

'தூ புவேதெஸ்' என்று நீங்கள் படித்ததை அவர் 'வொஸ் பொதேஸ்' என்கிறார். 'தூ கியேரெஸ்' என்பதை 'வொஸ் கெரேஸ்' என்கிறார். தப்பில்லை. அங்கே 'நீ' என்பதற்கு வொஸ் என்ற வேறு சொல், அதன் விகுதியின் மேல்தான் அழுத்தம். அழுத்தம் பகுதியை விட்டுப் போனதால் உயிர் மாறவில்லை. மேலே சொன்ன ஒற்றைக் காரணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவர் 'நான்' என்று சொல்லும்போது கேளுங்கள், ஒழுங்காகப் புவேதொ என்றுதான் சொல்வார்.

சரியாகச் சொன்னாலும் புரியவில்லை என்கிறார்கள்

வடிவம் சரியாக இருந்தும் கேட்பவர் விழித்தால், நீங்கள் 'பு-வே-தொ' என்று மூன்று அசையாகப் பிரித்திருப்பீர்கள். தமிழ் எழுத்து அப்படிப் பிரிக்கச் சொல்கிறது, நான் எழுதியதிலும் அந்தக் குறை இருக்கிறது. பு-வில் உகரம் நிற்கவே கூடாது, உதட்டைக் குவித்த கையோடு வே-க்குத் தாவிவிட வேண்டும். 'குவேஸ்த' என்பதிலும் அதுதான். மார்க்கெட்டில் சௌசௌவைக் கையில் எடுத்து 'குவான்தொ குவேஸ்த?' (என்ன விலை?) என்று நாங்கள் ஒத்திகை பார்த்தோம். மெக்சிகோவிலிருந்து வந்த காய் ஆதலால் அதற்கு ஸ்பானிஷில் ச்சயோத்தெ என்று பெயர். கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் எழுத முடியாது.

போன சனிக்கிழமை வகுப்புக்கு அண்ணன் வரவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, பர்லியாறு பக்கம் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். வாட்ஸ்ஆப்பில் குரல் வந்தது, பின்னால் வைப்பர் ஓடும் சத்தத்தோடு: "யுவேவெ. நோ புவேதொ வெனீர்." கவாத்து இல்லை, எச்சம் சரி, மழையும் சரி. சார் கைதட்டவே தொடங்கிவிட்டார். அதற்குள் 'நாளைக்கு எங்களால் முடியும்' என்று சொல்ல இரண்டாவது குரல் வந்தது: "மஞான நொஸோத்ரொஸ் புவெதேமொஸ்."